அஞ்சலாட்சியின் வலது கை

அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் மீன் நறுக்குபவள். மீனை அவள் விற்பதில்லை. வாங்கியவர்கள் கொண்டுவந்து போடும் மீனைச் செதில் சீவி, குடல் எடுத்து, கேட்ட அளவில் துண்டு போட்டுக் கொடுப்பாள். பிள்ளைச்சாவடியிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினால், மதியம் வரைக்கும் அருவாமனையை விட்டு எழமாட்டாள். பதினாறு வருடமாக அதுதான் வேலை. வஞ்சிரத்தை ஒரே கனத்தில் வில்லை போடுவதற்கு அந்த வரிசையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அன்னக்கிளியே சொல்வாள்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பெரிய பாறை மீன் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து அருவாமனையில் வைத்து அழுத்தியபோது மீன் வழுக்கியது. வலது கை மோதிர விரலின் அடியில் வெட்டு ஆழமாக இறங்கியது. பக்கத்துக் கிளினிக்கில் நாலு தையல் போட்டார்கள். பத்து நாளில் காயம் ஆறியது. விரல் மட்டும் மடங்கவில்லை. மற்ற விரல்கள் மடங்கும்போது அது மட்டும் நீட்டிக்கொண்டே நின்றது. நீட்டிக்கொண்டிருக்கும் விரலை வைத்துக்கொண்டு வழுவழுப்பான மீனைப் பிடிக்க முடியாது. ஒரு மாதம் சமாளித்துப் பார்த்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் அன்புசெல்வி நர்ஸ். சாரம் பகுதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் வேலை. அவள் நர்ஸ் ஆனதற்கே அஞ்சலாட்சிதான் காரணம். பன்னிரண்டாவது முடித்ததும் போதும் என்று அண்ணன் ராஜவேல் சொன்னபோது, கல்யாணமாகி வந்து ஆறு வருடமே ஆகியிருந்த அண்ணி, இந்தப் பெண் மீன் கூடை தூக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்று படிக்க அனுப்பினாள். அன்புசெல்வி அதை மறந்தவள் அல்ல. அண்ணிக்கு ஒன்று என்றதும் தன் ஆஸ்பத்திரிக்கே, தான் கருவி எடுத்துக் கொடுக்கும் டாக்டரிடமே கூட்டிப்போனாள்.

டாக்டர் சந்திரமோகன் எலும்பு மருத்துவர். அறுபதை நெருங்குகிறவர், கைராசிக்காரர் என்று பெயர். விரலைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். விரலை மடக்கும் தசைநாண் உள்ளே அறுந்திருக்கிறது. அறுந்து நாளாகிவிட்டதால் முனைகள் சுருங்கிப் போயிருக்கும், நேராக இழுத்துத் தைக்க முடியாது. முன்கையிலிருந்து வேறொரு நாணை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். விரல் எதிலும் இடிபடாமலிருக்க வலது கையில் துணிக் கட்டு போட்டிருந்ததால் அவளுடைய இடது கையை நீட்டச் சொன்னார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டி வைத்து மணிக்கட்டை மடக்கச் சொன்னார். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒன்று துருத்திக்கொண்டு நின்றது.

"பாத்தியாம்மா, இதான். இது இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. எடுத்துட்டாக் கை தேடவே தேடாது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பால்மாரிஸ் லாங்கஸ் என்று அதற்குப் பெயர். முழங்கையின் உட்புறத்து எலும்பு முனையில் தொடங்கும் சின்னத் தசை. சதைப்பற்று முன்கையின் பாதியிலேயே முடிந்துவிடும். பிறகு மெல்லிய நீண்ட நாணாக மணிக்கட்டைத் தாண்டிப் போய் உள்ளங்கைத் தோலுக்கு அடியில் விரிந்து பரவும். மணிக்கட்டை மடக்க உதவுகிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அதே வேலையைச் செய்ய அதைவிட வலுவான தசைகள் அதன் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால்தான் உடம்பில் எங்காவது நாண் தேவைப்பட்டால் மருத்துவர்கள் முதலில் இதைத் தேடுவார்கள். ஆனால் எல்லோருக்கும் இது இருப்பதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. இந்த நாணுக்குச் சற்று அடியில், ஏறக்குறைய அதே கோட்டில், மீடியன் நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் தொடு உணர்ச்சியைத் தருவதும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவதும் அந்த நரம்புதான். நாண் இல்லாத கையில் தோலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வலது கைக் கட்டை அவிழ்த்து அதே சோதனையைச் செய்து பார்த்திருக்க வேண்டும். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்துக்கொள்வார் என்று அன்புசெல்வி நினைத்துக்கொண்டாள்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதியது அவள்தான். தசைநாண் என்று எழுதினால் அண்ணிக்குப் புரியாது. கையில் கயிறு போலத் தெரிவதெல்லாம் சனங்களுக்கு நரம்புதான். ரத்தம் ஓடுவதும் நரம்பு, இழுத்து மடக்குவதும் நரம்பு. அதனால் "கையிலிருந்து ஒரு நரம்பை எடுத்து விரலில் வைத்துத் தைக்கச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிப் படித்துக் காட்டினாள். அஞ்சலாட்சி, கட்டுப் போட்ட கையாலேயே பேனாவைப் பிடித்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் மாதம் ஆபரேஷன் நடந்தது. அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்திருந்தார்கள். முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வலது கையை அதுவரை யாரும் சோதித்திருக்கவில்லை. மரத்துக் கிடந்த கையை மடக்கிக் காட்டச் சொல்லிச் சோதிக்க அதற்குமேல் வழியில்லை. சந்திரமோகன் மணிக்கட்டில் சின்னதாகக் கீறினார். உடனே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கொக்கியால் தூக்கினார். உதவிக்கு நின்ற இளம் டாக்டர் கோபிநாத் குனிந்து பார்த்தார்.

"சார், கொஞ்சம் மஞ்சளா இருக்கே. நெர்வா இருக்குமா?"

சந்திரமோகன் ஒரு நொடி கையை நிறுத்தினார். "ரத்த ஓட்டத்த நிறுத்தி வச்சிருக்கோம். எல்லாம் அப்படித்தான் தெரியும். பால்மாரிஸ்தான்."

அறுத்தார். முன்கையின் மேல்பக்கம் இன்னொரு கீறல் போட்டு அங்கேயும் அறுத்து, ஒரு சாணுக்கு மேல் நீளமாக உருவி எடுத்து, அன்புசெல்வி நீட்டிய ஈரத் துணியில் வைத்தார்.

கையில் வாங்கியதுமே அன்புசெல்விக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது, ஐம்பது நாண்களை அவள் அப்படி வாங்கியிருக்கிறாள். நாண் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் விறைத்து நிற்கும். இது துவண்டது. மேலே மயிரிழை போல ஒரு ரத்தக் குழாய் ஓடியது. அறுபட்ட முனையில், பல இழை வயரை வெட்டினால் தெரிவது போலப் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தது. நிமிர்ந்து கோபிநாத்தைப் பார்த்தாள். கோபிநாத் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் செல்வி, தாகமாக இருக்கிறது என்றாள். இதோ முடிந்துவிட்டது அண்ணி என்று சொன்னாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். டாக்டர் அதை விரலுக்குள் செலுத்தித் தைத்தார்.

அப்போதே சொல்லியிருந்தால், எடுத்ததை அதே இடத்தில் வைத்து நுண்ணிய தையல் போடவாவது முயன்றிருக்கலாம். அது அன்புசெல்விக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த நேரத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாளும் அஞ்சலாட்சிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்தே இருந்தன. அன்புசெல்வி டாக்டரின் அறைக்குப் போய், வார்த்தைகளைத் தேடித் தேடி, நரம்பில் ஏதாவது பட்டிருக்குமோ என்று கேட்டாள். வீக்கத்தின் அழுத்தம், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். அவள் நகராமல் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீதானே பக்கத்துல இருந்த? சந்தேகம் இருந்தா அப்பவே சொல்லி இருக்கணும்ல?"

அதட்டிச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காதவர்களின் வரிசையில் தன்னையும் நிற்க வைத்துவிட்டார் என்பதும் புரிந்தது. இரண்டு மாதம் கழித்து அவளைத் தியேட்டர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அவளைவிடப் பழைய நர்ஸ்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கோபிநாத் மேல்படிப்புக்கு வெளியூர் போய்விட்டார்.

ஆறு வாரம் மூன்று மாதம் ஆயிற்று. மூன்று மாதம் ஆறு மாதம் ஆயிற்று. நரம்பு மெள்ளத்தான் முளைக்கும் என்று டாக்டர் சொன்னதை அன்புசெல்வி வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள். வைட்டமின் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள். கையைப் பிடித்துவிட்டாள். மோதிர விரல் கொஞ்சம் மடங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் கட்டைவிரல் உள்ளங்கைக்குக் குறுக்கே வர மறுத்தது. அஞ்சலாட்சியால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. சில்லறையைப் பொறுக்க முடியவில்லை. மார்க்கெட்டில் அவள் இடத்தை அன்னக்கிளி பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புசெல்வி அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். அஞ்சலாட்சி அடுப்பருகே நின்று சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லின் விளிம்பில் அவள் வலது கை பட்டபடி இருந்தது. டிவியைப் பார்த்தபடியே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மீன் வாசனையோடு இன்னொரு வாசனை கலந்து வந்தது. அன்புசெல்வி ஓடிப்போய்க் கையை இழுத்தாள். இரண்டு விரல் நுனியும் வெந்து தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டது. அஞ்சலாட்சி தன் கையைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்து, கரண்டியைக் கொஞ்சம் பிடி, மீன் கருகிவிடும் என்றாள்.

மருந்து தடவும்போதுதான் அன்புசெல்வி உள்ளங்கையைச் சரியாகப் பார்த்தாள். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு வற்றிக் குழி விழுந்திருந்தது. அன்று இரவு அவள் தூங்கவில்லை. காலையில் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணியைக் கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டர் சிவசங்கரி கையைச் சோதித்தார். கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் விரல்களைத் தொட்டார். கையை மல்லாத்தி வைத்துக் கட்டைவிரலைக் கூரையைப் பார்த்து உயர்த்தச் சொன்னார். மின்சாரம் செலுத்தி நரம்பின் ஓட்டத்தைப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். மதியம் முடிவு வந்ததும் மணிக்கட்டின் தழும்பையும் முன்கையின் தழும்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். மோதிர விரலுக்காக நரம்பு எடுத்து வைத்தார்கள் என்று அஞ்சலாட்சி சொன்னாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு டாக்டர் முகம் மாறியது. இந்த இரண்டு தழும்புக்கும் நடுவில் நரம்பே இல்லாதது போல இருக்கிறது, திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், அன்றைக்கு ஆபரேஷனில் இருந்த யாரிடமாவது பேச முடியுமா என்றார்.

"நான் இருந்தேன்" என்றாள் அன்புசெல்வி.

டாக்டர் பேனாவை எடுத்தார். அன்புசெல்வி எல்லாவற்றையும் சொன்னாள். கையில் வாங்கியது, துவண்டது, புள்ளிகள், கோபிநாத் கேட்டது, டாக்டர் சொன்னது. சொல்லும்போது மேசையை மட்டுமே பார்த்தாள். சிவசங்கரி எழுதிக்கொண்டே வந்தார். முதல் மூன்று மாதத்துக்குள் வந்திருந்தால் கட்டைவிரல் தசைகளைக் காப்பாற்ற ஓரளவு வாய்ப்பு இருந்திருக்கும், இப்போது அவை போய்விட்டன என்றார். அதைச் சொன்னபோது அவரும் அன்புசெல்வியைப் பார்க்கவில்லை.

வெளியே மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"அன்னைக்கே, அண்ணி."

அஞ்சலாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே ஒரு பெண் குழந்தைக்குப் பிஸ்கட் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டருக்கு நான் யாரோ. அறுத்தான், போனான். உனக்கு நான் யாரு செல்வி?"

 பஸ்ஸில் வரும்போது அஞ்சலாட்சி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

பிப்ரவரியில் கதிர்காமத்தில் மறுபடி ஆபரேஷன் என்று முடிவானது. காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடைவெளியில் வைப்பார்கள். ஆள்காட்டி விரலை நீட்ட இரண்டு நாண்கள் இருப்பதால் அதில் ஒன்றைத் திருப்பிக் கட்டைவிரலில் கட்டுவார்கள். இதைக் கேட்டு அஞ்சலாட்சி மூன்று நாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நரம்பு எடுத்ததற்கே இந்தக் கதி, இன்னும் காலிலும் எடுக்கப்போகிறார்களா என்று கேட்டாள். சிவசங்கரி ராஜவேலையும் உட்காரவைத்து, எது நாண், எது நரம்பு என்று படம் போட்டுக் காட்டியபிறகுதான் அஞ்சலாட்சி வந்து படுத்தாள். திறந்து பார்த்தபோது வலது கையில் பால்மாரிஸ் இல்லவே இல்லை. முன்கையில் நரம்பின் இரண்டு முனைகள் மட்டும் முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடந்தன. அதை அப்படியே எழுதிக் கொடுத்தார் சிவசங்கரி.

அந்தத் தாளோடு தன் வாக்குமூலத்தையும் சேர்த்து அன்புசெல்வி மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினாள். பத்தாம் நாள் சாரம் ஆஸ்பத்திரியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்யவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவள் எதிர்த்துப் பேசாமல் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். கோபிநாத்துக்குப் போன் செய்தாள். தனக்கு எதுவும் ஞாபகமில்லை, தயவுசெய்து இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரலில் சாரம் ஆஸ்பத்திரியின் நிர்வாகி புருஷோத்தமன் பிள்ளைச்சாவடிக்கு வந்தார். தகவல் தெரிந்து அன்புசெல்வி போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராஜவேலிடம் பேசிக்கொண்டிருந்தார். இழப்பீடாக ஒரு தொகை கொடுப்பதாகவும், இனிமேல் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். கேஸ் என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார். பிறகு பையிலிருந்து பழைய சம்மதப் படிவத்தின் நகலை எடுத்தார்.

"இதுல நரம்பு எடுக்கச் சம்மதம்னுதான் போட்டிருக்கு. உங்க தங்கச்சி எழுதினதுதான், நீங்களே பாருங்க. நாங்க எழுதலையே."

அன்புசெல்வி, அது அந்த அர்த்தத்தில் எழுதியதில்லை, எந்த டாக்டரும் அப்படி வாதாட முடியாது, கையெழுத்துப் போடாதே அண்ணா என்றாள். ராஜவேல் கடலுக்குப் போய்வந்த அலுப்போடு உட்கார்ந்திருந்தான். தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப வாயத் தொறக்கல நீ. இப்ப எதுக்குத் தொறக்குற?"

புருஷோத்தமன் தாளை அஞ்சலாட்சியிடம் நீட்டினார். அவளால் பேனா பிடிக்க முடியாது. கைநாட்டு போதும் என்று மைப் பெட்டியைத் திறந்தார். பெண்களுக்கு வலது கட்டைவிரல் என்றும் சொன்னார்.  அஞ்சலாட்சி கையை நீட்டிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜவேல் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினான். முதலில் சரியாக விழவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். முடிந்தபிறகும் அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். முடிந்தது என்று அவன் சொன்னபிறகுதான் எடுத்துக்கொண்டாள்.

புகார் அதோடு படுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களே குறை இல்லை என்று எழுதிக்கொடுத்தபிறகு, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு நர்ஸ் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்திரமோகன் இப்போதும் சாரத்தில்தான் ஆபரேஷன் செய்கிறார். அன்புசெல்விக்கு டவுனில் எந்தத் தியேட்டரிலும் இடம் கிடைக்கவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு சின்னக் கிளினிக்கில் ஊசி போடுகிறாள், காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள்.

அஞ்சலாட்சியின் கட்டைவிரல் இப்போது ஆள்காட்டி விரல் வரைக்கும் வருகிறது. தம்ளரைப் பிடிப்பாள். சூடும் குத்தும் மட்டும் தெரிவதில்லை. மார்க்கெட்டுக்கு மறுபடி போகிறாள். அருவாமனையில் அன்னக்கிளி உட்கார்ந்திருக்க, இவள் இடது கையால் செதில் சீவிக் கொடுக்கிறாள். வலது கை மீனை அமுக்கிக்கொள்ளும். அந்தக் கையில் முள் குத்தினாலும் செதில் கிழித்தாலும் அவளுக்குத் தெரியாது. தண்ணீர் சிவப்பதைப் பார்த்து அன்னக்கிளிதான் சொல்ல வேண்டும். சிவசங்கரி வாரம் ஒருமுறை யாராவது விரல்களைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த வேலையை அன்புசெல்வி தானாகவே எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வருவாள். அஞ்சலாட்சி வா என்றும் சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. கையை நீட்டிவிட்டு டிவி பார்ப்பாள். ராஜவேல் எழுந்து வெளியே போய்விடுவான்.

போன வாரம் நடுவிரலின் நுனி வீங்கிப் பழுத்திருந்தது. நகத்துக்கு அடியில் கெளுத்தி முள் ஒன்று முறிந்து நின்றது. ஏறி நாலைந்து நாள் ஆகியிருக்கும். அன்புசெல்வி இடுக்கியால் அதைப் பற்றி இழுத்தாள். சீழும் ரத்தமும் வந்தன. அழுத்தித் துடைக்கும்போது, எல்லா நோயாளியிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் கேட்டுவிட்டது.

"வலிக்குதா அண்ணி?"

அஞ்சலாட்சி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அன்புசெல்வி மருந்து வைத்துக் கட்டினாள். கட்டை நனைக்க வேண்டாம், இரண்டு நாள் மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம் என்று சொன்னாள்.  அழுக்குப் பஞ்சைத் தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.